இணைய ஏலத்தில் பின்வாங்கும் விற்பனையாளர்: சட்டத்தின் நிலை

ஏலம் என்னும் விற்பனை முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. மீன் துறைகளிலும் மாட்டுச் சந்தைகளிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் அது நெடுங்காலமாக வழங்கி வருகிறது. "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று ஏலம் கூறுபவர் சொல்லி முடித்ததும் பேரம் முடிந்தது என்பதைப் படிப்பறிவற்றவரும் அறிவர். அதன் பிறகு, "விலை போதவில்லை, பொருளைத் தர மாட்டேன்" என்று சொந்தக்காரர் கூறினால் சந்தையே அவரை எள்ளி நகையாடும். ஆனால் ஏலம் கணிப்பொறித் திரைக்கு இடம் மாறியபோது அந்தச் சந்தையின் கண்காணிப்பு மறைந்துவிட்டது. கேட்பவர் ஓர் ஊரில், விற்பவர் வேறோர் ஊரில். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. எதிர்பார்த்த விலை வராதபோது விற்பவர் மறுமொழி அனுப்பாமல் இருந்துவிடுவது எளிதாகிவிட்டது.

இந்தியாவில் பொதுமக்கள் தமக்குள் பொருள்களை ஏலம் விட்டு வாங்கும் இணையத் தளங்கள் 2000-ஆம் ஆண்டையொட்டித் தோன்றின. அவற்றுள் முதன்மையாக இருந்த பாசீ நிறுவனத்தை 2004-இல் அமெரிக்காவின் ஈபே நிறுவனம் வாங்கியது. அந்த இந்தியத் தளம் 2018-இல் மூடப்பட்டது. எனினும் பழைய வாகனங்கள், இயந்திரங்கள், நாணயங்கள், தபால்தலைகள், அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்கள் ஆகியவை இன்றும் இணையத்தில் ஏலம் விடப்படுகின்றன. ஆகவே விற்பவர் பின்வாங்கினால் வாங்குபவருக்கு என்ன உரிமை உண்டு என்னும் வினா பயனற்றதாகிவிடவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்வது விளக்கத்திற்கு உதவும். சிற்றூர் ஒன்றில் தையல் தொழில் செய்யும் பெண் ஒருவர், பழைய விசைத் தையல் இயந்திரம் ஒன்றை இணைய ஏலத்தில் 11,500 ரூபாய்க்குக் கேட்கிறார். குறித்த நேரம் முடிகிறது. அவருடைய கேள்வியே உயர்ந்தது என்று தளம் அறிவிக்கிறது. மறுநாள் விற்பவர், "இயந்திரம் விற்பனைக்கு இல்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறார். அதே வகை இயந்திரத்தின் சந்தை விலை 17,000 ரூபாய். பள்ளி திறக்கும் காலத்துச் சீருடைத் தையலை நம்பி அந்தப் பெண் கைமாற்று வாங்கிப் பணம் சேர்த்தவர்.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது?

முதலில் தீர்மானிக்க வேண்டியது, விற்பவர் எந்தக் கட்டத்தில் பின்வாங்கினார் என்பதே. பிற எல்லாம் இதையே பற்றி நிற்கின்றன.

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவு ஏல விற்பனையைப் பற்றியது. ஏலம் கூறுபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்ததாக அறிவிக்கும்போதுதான் விற்பனை நிறைவெய்துகிறது என்றும், அதுவரை ஏலம் கேட்டவர் எவரும் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்றும் அப்பிரிவு கூறுகிறது. விற்பவருக்கும் அந்த அளவில் விடுதலை உண்டு. ஏல விளம்பரம் என்பது பொருளை விற்பதாகத் தரும் முனைவு அன்று, கேள்விகளை வரவேற்கும் அழைப்பே என்பது 1873-இல் இங்கிலாந்தில் ஹாரிஸ் எதிர் நிக்கர்சன் வழக்கில் நிலைநாட்டப்பட்ட கோட்பாடு. அலுவலக மேசை நாற்காலிகள் ஏலத்திற்கு வருவதாக விளம்பரம் கண்டு லண்டனிலிருந்து பயணம் செய்து வந்த ஒருவர், அவை ஏலத்திலிருந்து நீக்கப்பட்டதால் தம் பயணச் செலவையும் இழந்த நேரத்தையும் கோரினார். அவர் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இணைய ஏலத்தில் சுத்தியலும் இல்லை, ஏலம் கூறுபவரும் இல்லை. கடிகாரமே ஏலம் கூறுகிறது. குறித்த நேரம் முடிந்ததும் கணிப்பொறி தானாக அனுப்பும் அறிவிப்பு, சட்டம் கூறும் "வழக்கமான வேறு முறை" ஆகும் என்று கொள்வதே பொருத்தமானது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. ஒருவர் சார்பில் தானாக இயங்குமாறு அமைக்கப்பட்ட கணிப்பொறி அனுப்பும் செய்தி அவருடைய செய்தியாகவே கருதப்படும் என்று அதன் 11-ஆம் பிரிவு கூறுகிறது. மின்னணு வழியில் உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று 2009-இல் நடைமுறைக்கு வந்த 10-அ பிரிவு கூறுகிறது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் உயர்நிலை நீதிமன்றம் 2007-இல் தீர்த்த வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. பழைய வீராவே வகை விமானம் ஒன்றை அதன் உரிமையாளர் 1,50,000 டாலர் குறைந்தபட்ச விலையில் ஈபே தளத்தில் ஏலத்திற்கு விட்டார். ஒருவர் அந்த விலைக்குக் கேட்டார், நேரம் முடிந்தது. உரிமையாளரோ அதை வேறொருவருக்கு 1,00,000 டாலர் கூடுதலாக விற்கப் பேசி வைத்திருந்தார். தளத்தில் நடந்தது வெறும் விளம்பரமே என்ற அவருடைய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. விமானத்தை ஏலத்தில் வென்றவருக்கே கொடுக்குமாறு ஆணையிட்டது.

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. அந்நாட்டில் பொருளைத் தளத்தில் ஏற்றுவதே விற்பவரைக் கட்டுப்படுத்தும் முனைவாகக் கொள்ளப்படுகிறது. பழைய பாசாட் வண்டி ஒன்றை ஒரு யூரோ தொடக்க விலையில் ஏலத்திற்கு விட்ட ஒருவர், வெளியில் 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் ஏலத்தை இடையிலேயே நிறுத்தினார். அப்போதிருந்த ஒரே கேள்வி ஒரு யூரோவில் நின்றது. வண்டியின் மதிப்பு 5,250 யூரோ. கேட்டவருக்கு 5,249 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று 2014 நவம்பரில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்த தொடக்க விலை வைத்துக் கூட்டம் சேர்ப்பவர் அதனால் வரும் இடரையும் தாமே ஏற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. ஆனால் விற்பவர் குற்றமின்றிப் பொருள் திருட்டுப் போனால் அவர் ஏலத்தை நிறுத்தலாம் என்று அதே நீதிமன்றம் 2011-இல் கூறியிருந்தது.

இந்தியச் சட்டத்தின்படி, நேரம் முடியுமுன் விற்பவர் விலகிவிட்டால் கேட்டவர் செய்யக்கூடியது குறைவே. தளத்தின் விதிகள் அவ்வாறு விலகுவதைத் தடுத்திருந்தால் மட்டும் அவற்றைச் சுட்டித் தளத்திடம் முறையிடலாம். நேரம் முடிந்த பின் விலகினால் அது ஒப்பந்த முறிவு. விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டதே முடிவு என்று தளத்தின் விதியிலேயே கூறியிருந்தால், அவர் ஒப்பும் வரை ஒப்பந்தம் இல்லை. ஆகவே விதிகளை ஏலத்திற்கு முன் படிப்பவருக்கே பாதி வழக்கு வெற்றி.

பொருள் யாருடையது?

தையற்காரப் பெண்ணின் நிலைக்கு வருவோம். குறிப்பிட்ட ஒரு பொருள், ஒப்படைக்கத்தக்க நிலையில், நிபந்தனையின்றி விற்கப்பட்டால், விலை பிறகு தரப்பட்டாலும் ஒப்பந்தம் முடிந்த நொடியிலேயே உரிமை வாங்குபவருக்கு மாறுகிறது என்று 20-ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது, வேறு கருத்து விதிகளில் இல்லையெனில், பின்வாங்கும் விற்பவர் தம் வீட்டில் வைத்திருப்பது பிறர் பொருள். இது கேட்க இனிமையாக இருப்பினும் இதில் ஒரு பள்ளம் உண்டு. 30-ஆம் பிரிவின்படி, விற்ற பின்னும் பொருளைத் தம் வசம் வைத்திருக்கும் ஒருவர் அதை மூன்றாம் மனிதருக்கு விற்று ஒப்படைத்துவிட்டால், முந்திய விற்பனையை அறியாமல் நல்லெண்ணத்துடன் வாங்கிய அம்மனிதருக்கு நல்ல உரிமை கிடைத்துவிடும். ஏலத்தில் வென்றவர் அவரைத் தொட முடியாது. விற்றவரிடம் இழப்பீடு பெறுவதொன்றே வழி. இதனால்தான் காலதாமதம் வாங்குபவருக்குப் பகையாகிறது.

எனவே வென்றவர் உடனே செய்ய வேண்டியது, விலையைக் கொடுக்கத் தாம் ஆயத்தமாக இருப்பதை எழுத்தில் தெரிவிப்பதாகும். பணமும் பொருளும் ஒருங்கே கைமாற வேண்டும் என்பது 32-ஆம் பிரிவின் விதி; பணம் கொடுக்க ஆயத்தமில்லாதவர் பொருளைக் கேட்க இயலாது. அதே வேளையில், தளத்திற்கு வெளியே தனியாகப் பணம் அனுப்புமாறு விற்பவர் கேட்டால் அதற்கு இணங்கலாகாது. தளம் தரும் பாதுகாப்பு அத்துடன் அறுந்துபோகும்.

இழப்பீட்டின் அளவு

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இழப்பீட்டிற்கு அளவுகோல் தருகிறது. அதன் முதல் எடுத்துக்காட்டு வெடியுப்பைப் பற்றியது. ஐம்பது மணங்கு வெடியுப்புத் தருவதாக ஏற்றவர் தவறினால், ஒப்படைக்க வேண்டிய காலத்தில் அதே தரத்து வெடியுப்பு கிடைத்திருக்கக்கூடிய விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தர வேண்டும். நூற்றைம்பது ஆண்டுப் பழமையுடைய இக்கணக்கு தையல் இயந்திரத்திற்கும் அப்படியே பொருந்துகிறது: 17,000-இலிருந்து 11,500 போக மீதி 5,500 ரூபாய். பேரம் எவ்வளவு மலிவோ அவ்வளவு இழப்பீடு உயரும்.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டில் தீர்ந்த பாரி எதிர் டேவிஸ் வழக்கு இதற்கு நல்ல சான்று. குறைந்தபட்ச விலை இல்லாத ஏலத்திற்கு வந்த இரு இயந்திரச் சோதனைக் கருவிகளுக்கு ஒருவர் தலா 200 பவுண்டு கேட்டார். விலை மிகக் குறைவு என்று ஏலம் கூறியவர் அவற்றை விலக்கிக்கொண்டார். ஒவ்வொன்றின் மதிப்பும் சுமார் 14,000 பவுண்டு. கேட்டவருக்கு 27,600 பவுண்டு கிடைத்தது.

சீருடைப் பருவத்தில் இழந்த கூலியையும் அந்தப் பெண் கேட்கலாமா? ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பினருக்கும் தெரிந்திருந்த விளைவாக இருந்தால் மட்டுமே கேட்கலாம். இயந்திரம் இன்ன தேதிக்குள் தொழிலுக்குத் தேவை என்று அவர் முன்பே விற்பவருக்கு எழுதியிருந்தால் வாதத்திற்கு இடமுண்டு, எழுதாவிடில் இல்லை. அன்றியும், இழப்பைக் குறைக்கும் வழி கையில் இருந்தும் வாளாவிருந்தவருக்குச் சட்டம் பரிவு காட்டுவதில்லை. வேறோர் இயந்திரத்தை நியாயமான விலைக்கு வாங்கி, அந்த ரசீதைப் பத்திரப்படுத்துவதே அறிவுடைமை.

இதற்கு 2018-இல் திருத்தப்பட்ட குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் ஒரு வழியை வகுத்துள்ளது. தவறிய தரப்புக்குக் குறைந்தது 30 நாள் எழுத்து மூல அறிவிப்புக் கொடுத்து, அதன் பின்னும் அவர் நிறைவேற்றாவிடில் வேறொருவர் மூலம் அதை நிறைவேற்றிக்கொண்டு, ஆன செலவை அவரிடமே வசூலிக்கலாம். பொருளையே பெறும் "ஏற்றதை ஆற்றல்" என்னும் பரிகாரம், கிடைத்தற்கரிய பொருள்களுக்கே பெரிதும் பயன்படும். விமானத்திற்கும் அரிய நாணயத்திற்கும் அது தகும். கடைதோறும் கிடைக்கும் இயந்திரத்திற்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறுவது வீண்.

யாரிடம் முறையிடுவது?

விற்பவர் வணிகராக இருந்தால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வருகிறது. வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையீடு செய்யலாம் என்பது அதன் பெரும் நன்மை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கு வாங்கும் கருவி வணிக நோக்கில் வாங்கியதாகாது. ஆகவே தையற்காரப் பெண் நுகர்வோரே. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளம் ஒரு குறைதீர்ப்பு அலுவலரை அமர்த்த வேண்டும். அவர் முறையீடு பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். ஆனால் எப்போதேனும் ஒரு முறை தம் வீட்டுப் பொருளை விற்கும் தனி மனிதருக்கு இவ்விதிகள் பொருந்தா. அவர் மீது உரிமையியல் நீதிமன்றமே கதி. ஐயாயிரம் ரூபாய்க்காக அங்கு செல்வோர் சிலரே. சட்டத்தின் இந்த இடைவெளி கருதத்தக்கது.

காவல் நிலையத்தை நாடுவோரும் உளர். மனம் மாறிப் பின்வாங்கியது குற்றமன்று. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் மோசடியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. பணத்தைப் பெற்றுக்கொண்டு மறைந்துவிட்டவர் கதை வேறு. அத்தகைய நிலையில் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் 1930 என்னும் உதவி எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

அரசே விற்பவராக இருக்கும்போது

அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் நடத்தும் மின் ஏலங்களில் நிலைமை வேறு. உயர்ந்த கேள்வி கேட்டவருக்கு அதனாலேயே உரிமை பிறப்பதில்லை. தகுதி பெற்ற அதிகாரி ஏற்ற பின்னரே ஒப்பந்தம் உண்டாகிறது. அரியானா நகர்ப்புற வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. எனினும் இந்த அதிகாரம் மனம்போன போக்கில் பயன்படுத்துவதற்கு உரியதன்று. அரசமைப்பின் 14-ஆம் பிரிவு ஏல மேடைக்கும் பொருந்தும். ஏலத்தை ரத்துச் செய்யும் அலுவலர், ஏற்பதற்கு முன் ரத்துச் செய்கிறாரா, ஏற்ற பின்னா என்பதைக் கோப்பில் முதலில் குறிக்க வேண்டும். பின் காரணத்தை அன்றே எழுத வேண்டும். வழக்கு வந்த பிறகு தேடிக் கண்டுபிடிக்கும் காரணங்களுக்கு மதிப்புக் குறைவு. கட்டிய முன்பணத்தையும் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும்.

தனியாரிடம் வாங்கியவராயினும் அரசிடம் வாங்கியவராயினும், ஏல அறிவிப்பு, முடிவு அறிவிப்பு, விற்பவரின் மறுப்பு ஆகியவற்றை அவை திரையிலிருந்து நீக்கப்படுமுன் சேமித்து வைப்பது அவசியம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவின் நகலுடன் உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். ஒப்பந்த முறிவுக்கு உரிமையியல் வழக்குத் தொடர மூன்று ஆண்டுகளும், நுகர்வோர் ஆணையத்தில் முறையிட இரண்டு ஆண்டுகளும் கால வரம்பு ஆகும்.