ரீசேல் ஃபிளாட் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸுக்கு முன்னாடி ஒரு தடவை மழையில போய்ப் பாருங்க

“பேங்க்ல இருந்து ஆள் வந்து பார்த்துட்டாங்க, லோன் ஓகே ஆயிடுச்சு, அப்புறம் என்ன?” ரீசேல் ஃபிளாட் வாங்கும் பலர் இப்படித்தான் கேட்கிறாங்க. பேங்க் அனுப்பும் மதிப்பீட்டாளரின் வேலையே வேற. நீங்க கடனைக் கட்டலைன்னா இந்த வீடு என்ன விலைக்குப் போகும்னுதான் அவர் பார்ப்பார். பாத்ரூம் ஒழுகுதான்னு நீங்கதான் பார்க்கணும்.

50 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம்னா இஎம்ஐ சுமார் 43,400 ரூபாய். இதைக் கட்டிக்கிட்டே கசிவு வேலைக்கும் செலவு பண்ணணும்னா, உங்க எமர்ஜென்சி ஃபண்டில்தான் கை வைக்கணும்.

சென்னைன்னா அக்டோபர் முதல் டிசம்பர் வரை நல்ல சான்ஸ். மழை பெய்த மறுநாள், புரோக்கர் இல்லாம போங்க. வேளச்சேரி, முடிச்சூர் மாதிரி ஏரியான்னா 2015 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு தெருமுனையில இஸ்திரி போடுறவர்கிட்ட கேளுங்க. அவருக்கு விற்கிற அவசரம் இல்லை.

உள்ளே போனதும் ஹால் அழகைப் பார்க்காதீங்க. பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம், தரையை ஒட்டின பகுதியைப் பாருங்க. பெயின்ட் உப்பியிருக்கா? வெள்ளையா உப்பு பூத்திருக்கா? வீடு முழுக்கப் பழைய பெயின்ட், அந்த ஒரு இடத்துல மட்டும் புதுசுன்னா சந்தேகப்படுங்க. பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி, அது வடிகாலுக்குப் போகுதா, மூலையில தேங்குதான்னு கவனிங்க. அப்புறம் முக்கியமா, கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, “உங்க பாத்ரூம் சீலிங்ல சொட்டுதா?”ன்னு கேளுங்க. சொட்டினா, வீடு உங்க பேருக்கு வந்ததும் சண்டையும் உங்ககிட்டதான் வரும்!

மேல்பூச்சில் தலைமுடி மாதிரி மெல்லிய விரிசல் சகஜம், பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஓடி, நாணயம் நுழையும் அளவுக்கு இருந்தா யோசிங்க. தூண், பீம், பால்கனி அடிப்பகுதியில கான்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிஞ்சா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அவர் ஃபீஸை இதுல மிச்சம் பிடிக்க வேண்டாம். கடற்கரைப் பக்கம்னா இன்னும் கவனம், உப்புக்காத்து கம்பியைச் சீக்கிரம் அரிக்கும்.

தண்ணிக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: போன மே மாசம் எத்தனை லாரி வாங்கினீங்க? அசோசியேஷன் கணக்குல இருக்கும்.

ரெரா சட்டப்படி, வீட்டை ஒப்படைச்ச 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சொன்னா பில்டர் 30 நாளில் இலவசமா சரி பண்ணணும். ஆனா 12 வருஷப் பழைய ஃபிளாட்டுக்கு அந்த வழி கிடையாது. அதனால பார்த்த குறைகளை எல்லாம் போட்டோ எடுத்து, ஒரு கான்ட்ராக்டர்கிட்ட கொட்டேஷன் வாங்கி, அந்தத் தாளோட ஓனர்கிட்ட விலை பேசுங்க. அட்வான்ஸ் கைமாறினதுக்கு அப்புறம் அந்தத் தாளை யாரும் வாங்கிப் பார்க்க மாட்டாங்க.