மணிலாக்கொட்டை விலையும் குடியானவர் கடனும்

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் இப்போது மனைக்கட்டுகளும் தொழிற்சாலைகளும் பெருகிவிட்டன. ஆயினும் மேற்கே திருவள்ளூரை நோக்கிச் செல்வோர் மணிலாக்கொட்டை பயிராகும் மேட்டுநிலங்களை இன்றும் காணலாம். இப்பயிரின் விலை நம் களத்துமேட்டில் மட்டும் ஏற்படுவதன்று. கடல் கடந்த எண்ணெய்ச் சந்தைகளைப் பொறுத்தது. இதனை எண்ணாமற் கடன் படுவோர் அடையும் துன்பத்தைச் சென்னை மாகாணம் ஒருமுறை நன்கு கண்டது.

1920-களில் இந்தியாவில் மணிலாக்கொட்டை மிகுதியாக விளைந்த மாகாணம் சென்னையே. அதன் பருப்பு பிரான்சு தேசத்து மார்சேல்ஸ் முதலிய துறைமுகங்களுக்குக் கப்பலேறிச் சென்று, அங்கே சமையலெண்ணெயாகவும் சவர்க்காரமாகவும் ஆயிற்று. வெளிநாட்டு விலை தந்தி மூலம் ஏற்றுமதி வியாபாரிகளுக்கும், அவர்கள் வழியே தரகர்களுக்கும் எட்டும். தரகரோ அறுவடைக்கு முன்பே குடியானவருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். 1929-இல் உலகெங்கும் வியாபார மந்தம் தொடங்கவே, இவ்வரிசை முழுவதும் தளர்ந்தது. சில ஆண்டுகளில் விலை பாதியளவுக்கு இறங்கியது.

விலை இறங்கினும் கிஸ்தும் வட்டியும் உடன் இறங்கவில்லை. துன்பத்தின் வேர் இதுவே. உதாரணமாக, மூட்டை பத்து ரூபாய் விற்குங்காலத்தில் 100 ரூபாய் கடன் வாங்கியவர், பத்து மூட்டையால் அசலைத் தீர்க்கலாமென்று கணக்கிட்டிருப்பார். ஐந்து ரூபாயான பின் அதே கடனுக்கு இருபது மூட்டை வேண்டும். நிலமோ இரட்டித்து விளையாது. முன்பணம் கொடுப்போரும் கையை மூடிக்கொண்டனர். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தங்க நாணயத் திட்டத்தை விட்டு விலகியபின் தங்கத்தின் விலை ஏறவே, வீட்டு நகைகள் விற்கப்பட்டுக் கப்பலேறின. அத்தங்கம் சர்க்காரின் வெளிநாட்டுக் கொடுக்கல்களுக்கு உதவியது மெய்யே. தாலிச்சரட்டை விற்ற வீட்டுக்கு அது என்ன ஆறுதல்?

1938-ஆம் வருஷத்து விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1-க்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் 1-இல் நின்ற வட்டியைத் தள்ளிற்று. அசலுக்கு இருமடங்கு ஏற்கெனவே கட்டியவரின் கடன் முழுதும் தீர்ந்ததாயிற்று. நல்ல சட்டந்தான், எனினும் காலந்தாழ்ந்து வந்தது.

இக்காலத்தில் மணிலா எண்ணெயுடன் போட்டியிடுவது பாமாயில். இந்தியா தனக்கு வேண்டிய சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. 2022 ஏப்ரல் 28-இல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்தது. மே 23-இல் தடையை நீக்கிவிட்டது. ஒரு மாதமும் நில்லாத இத்தகைய நிலைமையை நம்பி அடுத்த போகத்துக்குப் பெருங்கடன் படலாகாது. சென்ற சில ஆண்டுகளிற் கண்ட தாழ்ந்த விலையைக் கொண்டே கடனை அளவிடுக. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் சரக்கை வைத்து, அதன் பேரில் பொருளீட்டுக்கடன் பெற்றால், அறுவடை நாளிலேயே விற்கும் நெருக்கடி நீங்கும். ஆனால் காய்களை நன்றாக உலர்த்திய பின்னரே மூட்டை பிடிக்க வேண்டும். ஈரக்காயில் பூசணம் பிடித்து நஞ்சு உண்டாகும்.