சுகாதார அறிவித்தல்: எழுதுதலும் செம்மைப்படுத்தலும்



கட்டுரைக்கு அழகு வேண்டும். அறிவித்தலுக்குத் தெளிவு வேண்டும். பலர் அறிவித்தலையும் கட்டுரைபோல எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர். சுகாதார அறிவித்தலில் இழக்கப்படுவது புள்ளி மட்டுமன்று.

ஒருமுறை என் வகுப்பில், டெங்குக் காய்ச்சல் பற்றி ஊர்மக்களுக்கு ஓர் அறிவித்தல் எழுதுமாறு கூறினேன். நன்றாக எழுதும் ஒரு மாணவி, “காய்ச்சல் தணியும்வரை ஓய்வெடுங்கள், தணிந்ததும் கவலை வேண்டாம்” என முடித்திருந்தாள். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. நானும் சரி அடையாளம் இட்டுவிட்டேன். மறுநாள் அவளின் தாயார் கொப்பியுடன் வந்தார். அவர் ஒரு குடும்பநல உத்தியோகத்தர். “சேர், இந்த வரியை நம்பி ஆராவது வீட்டில இருந்தா என்ன நடக்கும்?” என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியே. டெங்கு நோயில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும்போதே தொடங்குகிறது. குருதியின் நீர்ப்பகுதி குருதிக் கலன்களிலிருந்து கசியத் தொடங்குவதே இதற்குக் காரணம். 2017இல் இலங்கையில் 1,86,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய நோய் பற்றி எழுதும்போது இலக்கணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஆகவே பின்வரும் விதிகளை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

விதி 1: செய்யவேண்டியதை முதலில் எழுதுக.
“கொடிய அரக்கனாம் டெங்கு” என்ற வருணனை வேண்டாம். நள்ளிரவில் காய்ச்சற் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய் முதல் இரு வரிகளையே வாசிப்பார். அவருக்கு வேண்டியது அங்கேயே இருக்க வேண்டும்.

விதி 2: நேராகக் கூறுக.
“அஸ்பிரின் தவிர்க்கப்படுவது விரும்பத்தக்கது” என்பது ஓர் ஆலோசனைபோல ஒலிக்கிறது. “அஸ்பிரின் கொடுக்க வேண்டாம்” என்பதே அறிவுறுத்தல். அம்மருந்து டெங்கு நோயாளிக்குக் குருதிப்பெருக்கை ஏற்படுத்தக்கூடும்.

விதி 3: அளவையும் காலத்தையும் இலக்கத்தில் தருக.
“சிறிதளவு”, “அடிக்கடி”, “ஒரு குவளை” என்பவை வீட்டுக்கு வீடு மாறும். “1 லீற்றர்”, “வாரம் ஒருமுறை” என்பவை மாறா. நுளம்பு முட்டை நிறைவுடலியாக ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும் என்பதாலேயே வாரம் ஒருமுறை துப்புரவு செய்யச் சொல்கிறோம்.

விதி 4: ஒரு பொருளுக்கு ஒரே சொல்.
முதல் வரியில் “நுளம்பு”, அடுத்த வரியில் “கொசு” என எழுதாதீர்கள். மருந்தின் வணிகப் பெயரை விட்டு “பரசிற்றமோல்” எனப் பொதுப்பெயரையே எழுதுங்கள். ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுவதால், இரண்டு வெவ்வேறு மருந்துகள் என எண்ணி ஒருவர் இருமடங்கு உட்கொள்ளலாம்.

விதி 5: மனிதரை நோயின் பெயரால் அழைக்காதிருக்க.
“குஷ்டரோகி” என எழுதாது “தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்” என எழுதுங்கள். தொழுநோய் குணப்படுத்தக்கூடியது. ஆனால் இழிசொல்லுக்கு அஞ்சுபவர் நோயை மறைப்பார், சிகிச்சை தாமதமாகும். 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம், புதிய நோய்களின் பெயர்களில் இடம், மனிதர், விலங்கு ஆகியவற்றின் பெயர்களைத் தவிர்க்குமாறு வழிகாட்டியது. 2020 பெப்ரவரி 11ஆந் திகதி அறிவிக்கப்பட்ட “கொவிட்-19” என்ற பெயர் இவ்வழியில் அமைந்ததே.

விதி 6: வெளியிடுபவரையும் திகதியையும் குறிப்பிடுக.
பழைய அறிவுறுத்தலையும் புதியதையும் வாசகர் பிரித்தறிய இது உதவும்.

மாதிரி

டெங்கு: கவனிக்க!
• காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள்.
• கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, முரசிலிருந்து குருதி கசிதல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்றேனும் காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காய்ச்சல் குறைந்திருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.
• அஸ்பிரின், இபுபுறோபன் கொடுக்க வேண்டாம்.
• நீர் தேங்கும் பாத்திரங்களை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்.

(இதன் கீழ் வெளியிடுபவரின் பதவியும் திகதியும் வரும்.)

பயிற்சி

பின்வரும் வாக்கியத்தைச் செம்மைப்படுத்துக:
“வயிற்றோட்டம் ஏற்படுமிடத்து சிறிதளவு ஜீவனி நீரிற் கலந்து அருந்துவது நன்மை பயக்குமெனக் கருதப்படுகின்றது.”

விடைக்குறிப்பு: வயிற்றோட்டம் தொடங்கியவுடன் ஜீவனி கொடுங்கள். 1 லீற்றருக்குரிய பக்கற் ஒன்றை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுமையாகக் கரையுங்கள். 24 மணித்தியாலங்களின் பின் மிகுதியை ஊற்றிவிடுங்கள்.

பரீட்சையில் எழுதி முடித்ததும் ஒரு நிமிடத்தை ஒதுக்கி, “இதை வாசிப்பவர் அடுத்து என்ன செய்வார்?” என உங்களை நீங்களே கேளுங்கள். தவறாகச் செய்ய இடமிருந்தால் அந்த வரியைத் திருத்துங்கள். அன்று அந்தக் கொப்பியில் நான் கேட்க மறந்த கேள்வியும் இதுதான்.