சொற்களைப் பிரித்தறிந்து கற்றல்
கணினிப் பாதுகாப்புத் தேர்வு எழுதுவோர்க்கு ஒரு பாடம்

நம் சமுதாய இளைஞருள் சிலர் இப்போது கணினிப் பாதுகாப்புத் துறையில் தொடக்கநிலைச் சான்றிதழ் பெற முயன்று வருகின்றனர். காம்ப்டியா நிறுவனம் நடத்தும் ‘செக்யூரிட்டி பிளஸ்’ அத்தகைய தேர்வுகளுள் ஒன்று. ஐ.எஸ்.சி.2 நிறுவனம் 2022-இல் தொடங்கிய ‘சர்டிஃபைடு இன் சைபர்செக்யூரிட்டி’ மற்றொன்று. இவற்றை எழுதுவோர்க்குப் பெரும் இடர்ப்பாடாக நிற்பது கணக்கும் அன்று, நிரல் எழுதுதலும் அன்று. சொற்களே.

எம் தமையனாரின் பேத்தி சென்ற ஆண்டு செக்யூரிட்டி பிளஸ் தேர்வை எழுதினாள். 90 நிமிடத்தில் 90 வினாக்கள் வரை வரும். 100 முதல் 900 வரையிலான அளவில் 750 பெற்றால் தேர்ச்சி. அவள் பெற்றது 721. மறுமுறை எழுதக் கட்டணத்தை மீண்டும் முழுமையாகச் செலுத்த வேண்டும். நெல் விற்ற பணத்தில் ஒருமுறை கட்டிய தந்தையார், “இன்னும் ஒருமுறைதான், அம்மா” என்று சொல்லிவிட்டார். அந்நிலையில் அவள் குறிப்பேட்டுடன் எம்மிடம் வந்தாள். கணினி யாம் கற்பித்த பாடமன்று. எனினும், குழந்தை ஒன்றைக் கற்கும்போது எவ்விடத்தில் இடறுகிறது என்று காண்பது எம் தொழிலாக இருந்தது.

குறிப்பேட்டில் முந்நூறு சொற்கள் அகரவரிசையில் இருந்தன. எதைக் கேட்டாலும் பொருளைப் பிழையின்றி ஒப்புவித்தாள். ‘த்ரெட்’ என்பதற்கும் ‘ரிஸ்க்’ என்பதற்கும் வேறுபாடு யாது என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்து, “தேர்விலும் இப்படித்தான், பாட்டி. இரண்டு விடைகள் சரியாகவே தோன்றின” என்றாள்.

இடறிய இடம் அதுவே. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதிஞானம் அவக்கிரகம், ஈஹா, அவாயம், தாரணை என நான்கு படிகளாக வகுக்கப்பட்டிருப்பதை நம் பாடசாலையில் பயின்றோர் அறிவர். ஒரு பொருள் புலப்படுவது அவக்கிரகம். இதுவோ அதுவோ என ஆராய விழைவது ஈஹா. இதுவே எனத் துணிவது அவாயம். துணிந்ததை மறவாது நிறுத்துவது தாரணை. மனப்பாடம் செய்யும் மாணவர் முதற்படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவிவிடுகின்றனர். தேர்வோ நடுவிலுள்ள இரு படிகளையே சோதிக்கிறது. ஆதலின் ஒரு சொல்லை அதன் பொருளோடு மட்டும் கற்றல் போதாது. அதனோடு மயங்கக்கூடிய அண்டைச் சொல்லோடு சேர்த்தே கற்றல் வேண்டும். அகரவரிசைக் குறிப்பேட்டை மூடிவைக்கச் சொன்னோம்.

முதலில் த்ரெட், வல்னரபிலிட்டி, ரிஸ்க் என்னும் மூன்று. வீட்டிலுள்ள நெற்குதிரை எண்ணுக. வெளியே திரியும் எலி த்ரெட், அதாவது அச்சுறுத்தல். குதிரின் அடியிலுள்ள ஓட்டை வல்னரபிலிட்டி, பலவீனம். அவ்வோட்டை வழியே எலி புகுந்து நெல் அழியக்கூடிய வாய்ப்பும், அழிந்தால் நேரும் இழப்பின் அளவும் சேர்ந்து ரிஸ்க், இடர். ஓட்டை இருந்தும் அவ்வூரில் எலியே இல்லையெனில் இடர் மிகக் குறைவு. எலிகள் பல இருந்தும் ஓட்டை இல்லையெனில் அப்போதும் குறைவு. எலியைக் கொல்லாமல் ஓட்டையை அடைப்பது நம் இல்லத்து வழக்கம். இத்துறையும் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறது. உலகிலுள்ள தாக்குவோரையெல்லாம் எவராலும் ஒழித்துவிட இயலாது, தன் பலவீனத்தையே ஒருவர் குறைத்துக்கொள்ள இயலும். ஓட்டையை அடைப்பது இடரைத் தணித்தல். நெல்லைச் சேமிக்காமல் களத்திலேயே விற்றுவிடுவது இடரைத் தவிர்த்தல். காப்பீடு செய்வது இடரை மாற்றுதல். ‘நாலு படி போனால் போகட்டும்’ என்றிருப்பது இடரை ஏற்றல். மிட்டிகேட், அவாய்டு, டிரான்ஸ்ஃபர், அக்செப்ட் என்னும் நான்கும் இவையே. இவற்றை அவள் அதன்பின் மறக்கவில்லை.

அடுத்தது ஆதென்டிகேஷன், ஆதரைசேஷன் என்னும் இணை. ஒலியே மயக்குவதால் பலர் தவறுவது இங்கேதான். ஜினாலயத்திற்கு வருபவர் இன்னார் என்று ஐயமற அறிதல் முதலாவது. அவர் எதுவரை செல்லலாம் என்று வரையறுத்தல் இரண்டாவது. நம்மை ஊரார் அனைவரும் அறிவர். அதனால் நாம் கருவறைக்குள் புகுந்துவிட முடியுமா? உபாத்தியாயரே புகுவார். யார் எப்போது வந்தார், என்ன செய்தார் என்று பதிந்துவைப்பது அக்கவுன்டிங். இங்கு அச்சொல்லுக்கு வரவுசெலவுக் கணக்கு என்று பொருள் கொண்டால் விடை தவறும்.

இன்னார் என அறியும் வழிகள் மூவகை: அறிந்திருப்பது, வைத்திருப்பது, உடலில் இருப்பது. கடவுச்சொல் முதல்வகை, கைப்பேசியில் வரும் ஒருமுறைக் கடவெண் இரண்டாம் வகை, விரல்ரேகை மூன்றாம் வகை. கடவுச்சொல்லோடு பின் எண்ணையும் கேட்டால் இருகாரணிச் சரிபார்ப்பு ஆகுமா? ஆகாது. இரண்டும் அறிந்திருப்பதே. எண்ணிக்கை இரண்டாயினும் வகை ஒன்று. மாணவியின் 721-இல் இத்தகைய வினாக்களுக்குப் பங்குண்டு என்பது, தவறிய பாடப்பகுதிகளைக் காட்டும் அவளது மதிப்பெண் அறிக்கையைப் பார்த்தபோது தெரிந்தது.

என்கிரிப்ஷன், ஹேஷிங் என்னும் இணையையும் இவ்வாறே பிரித்தோம். முன்னது பூட்டிய பேழை. திறவுகோல் உடையவர் திறந்து உள்ளதை எடுக்கலாம். பின்னது கைரேகை போன்றது. ரேகையிலிருந்து ஆளை உருவாக்க இயலாது, ஆளும் ரேகையும் பொருந்துகின்றனவா என்றே பார்க்க இயலும். எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறையில் ஓர் எழுத்தை இட்டாலும் ஒரு நூல் முழுவதையும் இட்டாலும் வருவது 256 பிட்; வழக்கமான பதினாறடிமான முறையில் எழுதினால் 64 குறிகள். நூலில் ஒரு புள்ளி மாறினாலும் குறி முற்றிலும் வேறாகும். எனவே வினா இரகசியத்தைப் பற்றியதாயின் என்கிரிப்ஷனையும், மாறாமையைப் பற்றியதாயின் ஹேஷிங்கையும் முதலில் நினைக்க வேண்டும்.

புதிய குறிப்பேட்டின் அமைப்பைச் சூடாமணி நிகண்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். சமணப் புலவர் மண்டல புருடர் இயற்றிய அந்நூலின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது ஒருசொல் பல்பொருள் பற்றியது. பன்னிரண்டாவது பல்பெயர்க் கூட்டத்து ஒருபெயர் பற்றியது. சுருக்கெழுத்துகள் மலிந்த இத்தேர்வுக்கு இவ்விரு பகுப்பும் எத்துணைப் பொருத்தம்! ‘மேக்’ என்னும் மூன்றெழுத்து, வலையட்டையின் முகவரியைக் குறிக்கும் மீடியா அக்சஸ் கன்ட்ரோலாகவும், உரிமையை உரியவரும் மாற்ற இயலாதவாறு மேலிடமே விதிக்கும் மேன்டேட்டரி அக்சஸ் கன்ட்ரோலாகவும், செய்தி மாறவில்லை என்று காட்டும் மெசேஜ் ஆதென்டிகேஷன் கோடாகவும் வரும். எது என்பதை வினாவின் சூழலே காட்டும். இது முதற்பகுதி. மும்மணி என்றவுடன் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்று நம் குழந்தைகள் சொல்வதுபோல, சி.ஐ.ஏ. என்றவுடன் இரகசியம், மாறாமை, வேண்டும்போது கிடைத்தல் என்று வரவேண்டும். இது இரண்டாம் பகுதி. ஆயினும் தேர்வு ஆங்கிலத்தில் நடப்பதால், தமிழில் விளங்கிக்கொண்டபின் கான்ஃபிடென்ஷியாலிட்டி, இன்டெக்ரிட்டி, அவைலபிலிட்டி என்னும் சொற்களுக்கே திரும்பிவிட வேண்டும்.

தடுப்புச் சுவராகிய ஃபயர்வாலைச் செறிப்புக்கு ஒப்பிடலாமா என்று மாணவி கேட்டாள். நினைவுக்கு உதவலாம், யாம் அதனை வற்புறுத்தவில்லை. வினையின் ஊற்று நம் மன, மொழி, மெய்களின் இயக்கத்தால் நேர்வது. பகைவன் ஒருவன் வெளியிலிருந்து அனுப்புவதன்று. உவமை பிழைபட்டால் இரு பாடங்களும் கெடும்.

ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்னும் இணையை எண்களால் விளக்குவதே எளிது. ஓர் அலுவலகம் நள்ளிரவு 12 மணிக்கு நாள்தோறும் நகல் எடுக்கிறது. மாலை 4 மணிக்குக் கணினி பழுதாயிற்று. நகலுக்குப்பின் பதிந்த 16 மணி நேரத் தகவல் போயிற்று; இவ்வாறு எவ்வளவு இழக்கலாம் என்று முன்கூட்டி வகுக்கும் எல்லை ஆர்.பி.ஓ. பழுதானபின் எத்தனை மணிக்குள் வேலை மீளத் தொடங்க வேண்டும் என்பது ஆர்.டி.ஓ. முன்னது பின்னோக்கியும் பின்னது முன்னோக்கியும் அளக்கப்படும். ஐ.டி.எஸ். கண்டு அறிவிப்பது, ஐ.பி.எஸ். கண்டு தடுப்பது, இதற்கு இவ்வளவு போதும்.

ஏமாற்றுவகைச் சொற்களைப் படித்தபோது கற்றவர் யாமே. மின்னஞ்சலில் வந்தால் ஃபிஷிங், குறுஞ்செய்தியில் வந்தால் ஸ்மிஷிங், குரலில் வந்தால் விஷிங், நம்பத்தக்க ஒரு பொய்ச்சூழலைப் புனைந்து பேசினால் ப்ரீடெக்ஸ்டிங் என்று அவள் விளக்கினாள். சில திங்கள்களுக்கு முன், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, ஓய்வூதியம் நின்றுவிடும் என்று அச்சுறுத்தி, கடவெண்ணைக் கேட்ட குரல் எம் நினைவுக்கு வந்தது. அன்று கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த தாமதத்தால் தப்பினோம், அறிவால் அன்று. அது விஷிங்கா, ப்ரீடெக்ஸ்டிங்கா என்று கேட்டோம். “இரண்டும்தான், பாட்டி. ஒன்று வந்த வழி, மற்றது செய்த முறை” என்றாள். அந்த விடையைக் கேட்டபோதுதான் அவள் நடுப்படிகளில் கால் ஊன்றிவிட்டாள் என்று அறிந்தோம்.

வீட்டிலுள்ள பெரியோர், துறை தெரியாவிடினும், நாளும் அரைமணி நேரம் இரண்டிரண்டு சொற்களாக எடுத்து வேறுபாடு கேட்கலாம். விடையை அவர்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை. தயங்கும் இடத்தைக் குறித்துவைத்தால் போதும். வினாவில் ‘பெஸ்ட்’, ‘ஃபர்ஸ்ட்’ என்னும் சொற்கள் வந்தால் அவற்றின்கீழ் மனத்தால் கோடிடுமாறு மாணவரைப் பழக்குக. சரியான விடைகள் பல இருக்க, மிகப் பொருந்துவதையோ முதலில் செய்யத்தக்கதையோ தேர்வாளர் கேட்கிறார் என்பது அதன் பொருள்.

பயிற்சிக்கு மூன்று வினாக்கள் தருகிறோம். ஊழியர் ஒருவர் சரியான கடவுச்சொல்லை இட்டு உள்ளே சென்றார்; ஊதியப் பட்டியலைத் திறக்க முயன்றபோது தடுக்கப்பட்டார்; தடுத்தது எது? கடவுச்சொல்லோடு, பிறந்த ஊர் எது என்னும் கேள்விக்கும் விடை தந்து நுழைவது இருகாரணியா? மென்பொருளில் குறையுண்டு என்று தயாரித்தவர் அறிவித்தும் அலுவலகம் திருத்தத்தை நிறுவவில்லை. இதுவரை எவரும் தாக்கவுமில்லை. அங்கு இப்போது இருப்பவை எவை?

விடைகள்: ஆதரைசேஷன். அன்று, ஒரே வகை. வல்னரபிலிட்டியும் அதனால் வரும் ரிஸ்க்கும் உள்ளன. இன்சிடென்ட் எதுவும் நிகழவில்லை. எம் பேத்தி அடுத்த மாதம் மீண்டும் தேர்வு எழுதுகிறாள். மூன்றாம் வினா அவள் எமக்கு எழுதித் தந்தது.