சிலை கப்பலேறுவதற்கு முன்

சுவாமிமலையில் இந்த ஆண்டு வார்த்த நடராஜர், அமெரிக்காவில் எழும்பும் ஒரு கோயிலுக்குப் போக வேண்டும். சிலை தயார். பணம் வந்துவிட்டது. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கும் அதிகாரி ஒன்றே ஒன்றுதான் கேட்பார்: "இது புதுசுன்னு எதை வச்சு நம்புறது?"

கைவினைப் பொருள் ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமென்டேஷன் பிரிவில் சேர்ந்திருப்பவர்கள், சுங்கத் தரகரிடம் வேலை பழகுகிறவர்கள், வெளிநாட்டு ஆர்டர்களை நேரடியாக எடுக்கத் தொடங்கியிருக்கும் ஸ்தபதி வீட்டுப் பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே பதிலைக் கோப்பில் வைத்திருப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். "பழைய சிலையை வெளிநாட்டுக்கு அனுப்ப யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். தனியாருக்கு அப்படி ஓர் அனுமதியே கிடையாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவின்படி, மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு எவரும் தொல்பொருளை ஏற்றுமதி செய்யக் கூடாது. அருங்காட்சியகங்களுக்கு இடையே கண்காட்சிக்காகப் போய்வரும் பொருட்கள் அரசு வழியாக, திரும்பி வரும் தேதியோடு போகின்றன. மற்றவர்கள் விண்ணப்பிக்கக் கூடியது இதற்கு நேர் எதிரான ஒரு சான்றுக்கு: "இந்தப் பொருள் தொல்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறை எழுதித் தரும் காகிதத்துக்கு. தொழிலில் இதை ஏ.எஸ்.ஐ. சர்டிபிகேட் என்றும் நான்-ஆன்டிக்விட்டி சர்டிபிகேட் என்றும் சொல்வார்கள்.

எது தொல்பொருள்?

நாணயம், சிற்பம், ஓவியம், கல்வெட்டு, கைவேலைப்பாடுள்ள எந்தப் பொருளானாலும் 100 ஆண்டு நிறைந்துவிட்டால் தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புள்ள சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டே போதும். தாத்தா வைத்திருந்த ஓலைச்சுவடிக் கட்டைப் பேரனுக்கு கூரியரில் அனுப்பலாமா என்று கேட்டு வருகிறவரிடம் இந்த 75ஐத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு ஆண்டுதோறும் நகரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1927இல் செய்த ஒரு செட்டிநாட்டுக் கதவு 2027இல் நூறைத் தொடும். அதற்கு முந்தைய ஆண்டு அனுப்பிய பழக்கத்தில் அதே வகைக் கதவை மறுபடியும் பெட்டியில் ஏற்றினால் சிக்கல்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண், நிலை, கதவு வாங்கி வெளிநாட்டு ஓட்டல்களுக்கு அனுப்புகிறவர்கள், வீடு கட்டிய ஆண்டைக் கேட்டு எழுதி வைக்காமல் ஒரு பலகைக்கும் முன்பணம் கொடுக்கக் கூடாது. கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பகுதியும் தொல்பொருள்தான் என்று சட்டம் தனியாகவே சொல்கிறது.

வயதைப் பார்க்காமலே தடைபடும் இன்னொரு வகையும் உண்டு. கலைக் கருவூலம் என்று அரசு அறிவித்த ஓவியர்களின் படைப்புகள் அவை. ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அம்ரிதா ஷேர்-கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ், நிக்கோலஸ் ரோரிக் உள்ளிட்ட ஒன்பது பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் கலைஞரின் படைப்பை இப்படி அறிவிக்க முடியாது.

பாட்டியின் வீணையைப் பற்றியும் கேட்பார்கள். வயது நூறுக்குள்ளாகவே இருக்கலாம். ஆனால் அதில் யானைத் தந்த வேலைப்பாடு இருந்தால் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். தொல்லியல் துறையின் சான்று அந்தத் தடையை நீக்காது.

கோப்பு பட்டறையில் தொடங்குகிறது

இந்த வேலையைச் செய்கிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சிலை முடிந்து, பெட்டி அடித்த பிறகு "சர்டிபிகேட் எடுக்கணுமே" என்று ஓடுவார்கள். அப்போது கையில் இருப்பது ஒரு பில்லும் இரண்டு மங்கலான செல்போன் படங்களும் மட்டுமே.

சுவாமிமலை வார்ப்பு முறையை ஒருமுறை நேரில் நின்று பாருங்கள். ஸ்தபதி மெழுகில் உருவம் செய்கிறார். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைக்கிறார். சூடாக்கினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியதும் அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். மெழுகு உருவமும் போயிற்று, மண் அச்சும் போயிற்று. அந்தச் சிலை இந்த ஆண்டு பிறந்தது என்பதற்குச் சாட்சியாக நீங்கள் எடுத்த படங்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. அதனால் மெழுகு உருவம், மண் பூசிய அச்சு, ஊற்றும் நாள், உடைத்தெடுத்த கரடான வார்ப்பு, உளியும் அரமும் பட்டு முடிந்த சிலை என்று ஐந்து கட்டத்திலும் தேதியோடு படம் எடுங்கள். ஸ்தபதிக்குக் கொடுத்த ஆர்டர் கடிதம், முன்பண ரசீது, உலோகம் வாங்கிய பில், ஜி.எஸ்.டி. பில் எல்லாம் அதே கோப்பில் சேரட்டும்.

பீடத்தின் உள்பக்கத்தில் பட்டறையின் பெயரையும் ஆண்டையும் வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரியவர்கள் சிலர் தயங்குவார்கள். "சாமி பீடத்துல பேரு வெட்டலாமா தம்பி?" என்பார்கள். "அடியில, உள்பக்கமாத்தான் ஐயா, வெளியில தெரியாது" என்று பணிவாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். எந்த நாட்டுச் சுங்கத்திலும் படிக்கக் கூடிய சாட்சி அது.

அடுத்தது ஆன்டிக் ஃபினிஷ். புதுச் சிலைக்கு ரசாயனம் தடவிப் பச்சைக் களிம்பு ஏற்றி, பழையது போலக் காட்டும் வேலை. அதைக் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு, செய்து தரும் பட்டறைகளும் உண்டு. அப்படி ஒரு சிலையை அனுப்புவதானால் ஃபினிஷ் போடுவதற்கு முன் பளபளவென்று இருந்த நிலையில் எடுத்த படம் கட்டாயம் வேண்டும். இன்வாய்ஸில் "ஆன்டிக்" என்ற சொல் எந்த வடிவத்திலும் வரக் கூடாது.

சுங்கக் குறியீட்டிலும் இதே கவனம் தேவை. சாதாரண உலோகத்தால் ஆன சிறு சிலைகளும் அலங்காரப் பொருட்களும் 8306 என்ற தலைப்பின் கீழ் வரும். 9706 என்பது 100 ஆண்டு கடந்த பழம்பொருட்களுக்கு. அமெரிக்காவில் 9706க்கு வழக்கமான இறக்குமதி வரி கிடையாது என்பதால், "அந்த நம்பரையே போட்டுவிடுங்களேன்" என்று அங்கிருக்கும் வாடிக்கையாளர் கேட்கக் கூடும். போட்டால், சட்டம் தடுத்த பொருளை ஏற்றுமதி செய்கிறேன் என்று நீங்களே ஷிப்பிங் பில்லில் எழுதிக் கொடுத்ததாகிவிடும். முடியாது என்று மின்னஞ்சலில் எழுதிப் பதிவு செய்யுங்கள்.

விண்ணப்பம்

எல்லாப் பெட்டிக்கும் இந்தச் சான்று தேவைப்படாது. மரப்பொம்மை, பித்தளைச் சாவிக்கொத்து, நேற்று நெய்த பாய் இவற்றுக்கெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். மரபு வடிவத்தில் அமைந்த தெய்வச் சிலைகள், கற்சிற்பங்கள், தஞ்சாவூர் ஓவியங்கள், பழைய பாணி விளக்குகள், மரச்சிற்பங்கள் போகும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும் எடுத்துவிடுவது என் பரிந்துரை. சுங்க அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் சரக்கை நிறுத்தித் தொல்லியல் துறையின் கருத்தைக் கேட்பார். அதுவரை கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். மாமல்லபுரத்தில் கற்சிலை வாங்கும் வெளிநாட்டுப் பயணிக்கும் இதையே சொல்லுங்கள். முழு விவரமுள்ள பில் இல்லாமல் அவரை விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள்.

தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. 2020இல் திருச்சிக்கும் தனி வட்டம் உருவானது. எந்த அலுவலகத்தில், எந்த நாளில் நிபுணர்கள் பொருளைப் பார்க்கிறார்கள் என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பது கிலோ சிலையை வேனில் ஏற்றிக்கொண்டு போய், "இன்று பார்வை இல்லை" என்ற பதிலோடு திரும்புவது எல்லோருக்கும் வேதனை. கும்பாபிஷேகத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, கப்பல் நாளையும் சுங்க நாளையும் கழித்து, பார்வைக்கு என்று தாராளமாக நாள் ஒதுக்குங்கள்.

விண்ணப்பத்தில் விவரிப்பு முக்கியம். "மெட்டல் ஸ்டாச்சூ, 1 நம்பர்" என்று எழுதினால் அது எந்தச் சிலைக்கும் பொருந்தும். எந்தச் சிலைக்கும் பொருந்துவதை எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். நடராஜர் என்றால் திருவாசி சேர்த்து எத்தனை அங்குலம், சேர்க்காமல் எத்தனை, எடை எவ்வளவு, கனவார்ப்பா பொள்ளல் வார்ப்பா, முயலகன் எந்தப் பக்கம் பார்க்கிறான் என்பது வரை எழுதுங்கள். முன், பின், இரு பக்கம், பீடத்தின் அடி என்று ஐந்து கோணங்களில், வெற்றுத் திரையின் முன், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். ஒரே படமும் ஒரே வரிசை எண்ணும் விண்ணப்பத்திலும் பேக்கிங் லிஸ்டிலும் பெட்டியின் மேலும் இருக்க வேண்டும். சான்று என்பது அந்தப் படத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும்தான். ஒரே அச்சில் செய்தவை போலத் தெரியும் பன்னிரண்டு குத்துவிளக்குகளில் ஒன்றுக்கு வாங்கிய காகிதம் மற்ற பதினொன்றுக்கும் செல்லும் என்று நினைக்காதீர்கள்.

பார்வை நாளில் நீங்களும் உடன் இருங்கள். அனுபவப்பட்ட நிபுணர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் சிலையைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பார். புதுச் சிலையின் உள்பக்கத்தில் அரத்தின் கோடுகள் கூர்மையாக இருக்கும். மூலைகளில் சுட்ட மண் ஒட்டியிருக்கும். தலைமுறை தலைமுறையாக அபிஷேகம் கண்ட உற்சவர் என்றால் மூக்கும் விரல் நுனியும் நகைகளின் கோடுகளும் தேய்ந்து வழுவழுப்பாகியிருக்கும். இந்த வேறுபாட்டை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் அரசு கட்டடக் கலை மற்றும் சிற்பக் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் இந்த வேலைக்கு வந்தால் சோபிப்பதற்குக் காரணம் இந்தக் கண்தான். அந்தப் படிப்பு இல்லாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தின் படிமக் கூடத்திலும் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்திலும் அடிக்கடி போய் நின்று பழக வேண்டும்.

சான்று மறுக்கப்பட்டால் பொருள் பறிபோய்விடாது. அது இந்தியாவிலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரோ அவர் அதிகாரம் கொடுத்த உயர் அதிகாரியோ சொல்வதே முடிவு என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளரிடம் அதைப் பதிவு அலுவலரிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். உள்நாட்டில் தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்வதற்கும் உரிமம் வேண்டும்.

ஏன் இத்தனை கெடுபிடி?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருட்டுப்போனார். 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அவரை ஐம்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் உண்மை வெளியே வந்தது. 2014 செப்டம்பரில் அவர் இந்தியா திரும்பினார். அந்தக் கடத்தல் வலையின் தலைவராகக் கருதப்பட்ட சுபாஷ் கபூருக்குச் சுத்தமல்லி கோயில் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. நம் கோயில் சிலைகள் கள்ளத்தனமாக நள்ளிரவுப் படகில் மட்டும் போகவில்லை. கைவினைப் பொருள் என்ற பெயரில், புதுச் சிலைகளுக்கு நடுவே, ஒழுங்கான காகிதங்களோடும் போயின. யாரோ ஒருவர் அந்தக் காகிதங்களைத் தட்டச்சு செய்திருக்கிறார். யாரோ ஒருவர் பெட்டிகளை எண்ணியிருக்கிறார். இன்று அந்த இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள்.

ஆகவே பட்டியலில் இல்லாத ஒரு சிலை பெட்டிக்குள் வந்தாலோ, சான்றின் படத்துக்கும் கையில் இருக்கும் சிலைக்கும் ஒரு விரல் வித்தியாசம் தெரிந்தாலோ, பெட்டியை மூடாதீர்கள். படம் எடுத்து, மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவர் "நமக்கெதுக்கு, அனுப்பிடு" என்றால், சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தொல்பொருளை ஏற்றுமதி செய்தாலும், செய்ய முயன்றாலும், 25ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. சுங்கச் சட்டத்தின் தண்டனை அதற்கு மேல் தனி. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அந்தப் பெட்டியில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.