வீடு பார்க்க வண்டியில் போகாதீர்கள்

சென்னையில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் மூன்றையும் கேட்டுத் திருப்தியானதும் சாவியை வாங்கிவிடுகிறார்கள். குடிவந்த ஒரு மாதத்தில்தான் தெரிகிறது, அந்த வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் மட்டுமே நினைத்த நேரத்தில் வெளியே போக முடிகிறது என்பது. மற்றவர்கள் அவருக்காகக் காத்திருக்கிறார்கள், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்கிறார்கள். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைத் தவிர்க்கலாம்.

முதல் வேலையை வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம். குடும்பத்தில் யார், எங்கே, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று எழுதுங்கள். ஆபீஸ் போகிறவரை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அம்மாவின் மாதாந்திர ஆஸ்பத்திரி, கல்லூரி விட்டு டைப்பிங் வகுப்புக்குப் போய் இருட்டிய பிறகு வரும் மகள், எல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். வீடு தேடுவதில் வண்டி வைத்திருப்பவரின் சொல்தான் எடுபடுகிறது. என்னைக் கேட்டால், வண்டி இல்லாதவருக்கே முதல் சொல் இருக்க வேண்டும்.

அடுத்து, அந்த இடங்களை ரயில் பாதைகளோடு சேர்த்துப் பாருங்கள். கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று அந்தப் பாதையை ஒட்டி நடுத்தரக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் குடியிருப்பதற்கு இந்த ரயில் பெரிய காரணம். குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய்தான். பறக்கும் ரயில் 1995-ல் சேப்பாக்கம் வரைக்கும், 2007-ல் வேளச்சேரி வரைக்கும் வந்தது. 2015-ல் மெட்ரோ சேர்ந்துகொண்டது. கிண்டியில் மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாறலாம் என்பதால், ஒரே வீட்டில் இருவர் வெவ்வேறு திசையில் வேலைக்குப் போகிறார்கள் என்றால் அதைச் சுற்றித் தேடுவது நல்லது.

இனி நடை. இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். 'ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம் சார்' என்று புரோக்கர் சொல்வது பைக்கில் ஐந்து நிமிடம். சாதாரண நடையில் ஐந்து நிமிடத்துக்கு 400 மீட்டர் போகலாம், அவ்வளவுதான். வீட்டு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்து பாருங்கள். காலை எட்டரைக்கு ஒரு முறை, இரவு எட்டுக்கு ஒரு முறை. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும் கூட்டிச் செல்லுங்கள். நடைபாதை தொடர்ந்து வருகிறதா, டிரான்ஸ்பார்மரும் நிறுத்திவைத்த பைக்குகளும் உங்களைத் தார்ச்சாலைக்கு இறக்கிவிடுகின்றனவா, தெருவிளக்கு எரிகிறதா, நாய்க்கூட்டம் எந்த முனையில் என்பதெல்லாம் அந்த இரண்டு நடையில் தெரிந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் தனியாகக் கணக்கிடுங்கள். வரைபடத்தில் எதிரே தெரியும் ஸ்டேஷனுக்கு, சிக்னலில் நின்று படி ஏறி இறங்கினால் பத்து நிமிடம் கூடிவிடும். தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் வீடு, டிக்கெட் கவுன்டர் எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பறக்கும் ரயில் நிலையங்கள் பல உயரத்தில், விசாலமாக, இருட்டிய பிறகு ஆளரவமில்லாமல் இருக்கும். அங்கே தனியாக இறங்கப் போகிற பெண் அதை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

மழையைப் பற்றி வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேளுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை நின்றது, சுரங்கப்பாதை எத்தனை நாள் மூடிக் கிடந்தது என்று அவர் சொல்லிவிடுவார்.

பஸ் ஸ்டாப்பில் அரை மணி நேரம் நில்லுங்கள். அந்த வழியே எத்தனை தடங்கள் போகின்றன என்பதைவிட, உங்களுக்கு வேண்டிய பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது என்பதே முக்கியம். பெண்களுக்கு 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பயணம் இலவசம். ஆகவே அந்த வகை பஸ்ஸைத் தனியாக எண்ணுங்கள். டீலக்ஸும் ஏ.சி.யும் மட்டுமே வரும் நிறுத்தம் அவர்களுக்கு அந்தச் சலுகையைத் தராது. பஸ் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தால் விடாதீர்கள். பெசன்ட் நகரில் 29C ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும், வழியில் ஏறுகிறவர் தொங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நிலவரத்தையும் கடைசி ரயிலின் நேரத்தையும் விசாரித்துவையுங்கள்.

பிறகு கணக்கு. வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டுங்கள். உள்ளே தள்ளி 14,000 ரூபாய்க்கு ஒரு வீடு, ஸ்டேஷன் அருகே 17,000-க்கு இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். தள்ளியிருக்கும் வீட்டுக்கு இரண்டாவது வண்டியின் தவணை, பெட்ரோல், ஸ்டேஷன் பார்க்கிங், அம்மாவின் ஆட்டோ எல்லாம் சேர்ந்தால் அந்த 3,000 ரூபாய் வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகும். தினமும் மிச்சமாகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை. அந்த நேரம் பிள்ளைகளுக்கும் தூக்கத்துக்கும் போகிறது என்பதற்காகவே நான் ஸ்டேஷன் அருகே உள்ள வீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

கடைகளைப் பொறுத்தவரை, மளிகை, பால், மருந்துக்கடை மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும்.

கடைசியாக, 'மெட்ரோ வரப்போகுது' என்று வாடகையை ஏற்றிச் சொல்லும் வீட்டுக்காரரைப் பற்றி. இரண்டாம் கட்ட வேலை மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகரம் முழுக்க நடக்கிறது. ரயில் ஓடத் தொடங்காத பகுதியில் இன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது தடுப்புத் தகரமும் குறுகிப்போன சாலையும்தான். பதினோரு மாத ஒப்பந்தத்தில் குடிபோகிறவர், அந்தப் பதினோரு மாதத்தில் ஏறப்போகிற ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் வாடகை பேசினால் போதும். ரயில் வந்த பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது வாடகையைப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.