மழைப் புத்தகமும் காய்ச்சல் புத்தகமும்

அன்பு மருமகளுக்கு,

உயிரியல் படித்துப் பொதுச் சுகாதாரப் பக்கம் போக ஆசை என்று எழுதியிருந்தாய். காலநிலை மாற்றத்துக்கும் பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்றும் கேட்டிருந்தாய். அதற்குப் பதில் நம் சப்ரகமுவையிலேயே இருக்கிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய கதை.

1934இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. கேகாலைப் பக்கம் வற்றாமல் ஓடிய ஆறுகள் மணலுக்கும் பாறைக்கும் நடுவே குட்டை குட்டையாய்த் தேங்கின. வேகமாய் ஓடும் தண்ணீர் மலேரியா நுளம்பின் குடம்பிகளை அடித்துக்கொண்டு போய்விடும். வெயில் படும் தெளிந்த குட்டையிலோ அவை கட்டுக்கடங்காமல் பெருகும். மலேரியா உலர்வலயத்து நோய் என்றே அதுவரை எல்லோரும் எண்ணியிருந்தார்கள். ஈரவலயத்து ஜனங்களின் உடம்பில் அதைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. வருஷக் கடைசியில் தொடங்கிய காய்ச்சல் சில மாதங்களில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்ற, சூரியமல் என்ற மக்கள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமம் கிராமமாக அலைந்தார்கள்.

மழை குறைந்தது அன்றைக்கும் பதிவேட்டில் இருந்தது. அதைப் பார்த்ததும் ஆற்றங்கரைக்குப் போய் நுளம்பைத் தேடும் ஆட்கள்தான் போதவில்லை. களுத்துறையில் 1926இல் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, இத்தனை சாவுக்குப் பிறகுதான் மற்ற ஊர்களுக்கு வேகமாகப் பரவியது. நினைக்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது.

இலங்கையில் மலேரியா இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது. இப்போது நம்மைப் பிடித்திருப்பவை டெங்கும் எலிக்காய்ச்சலும். 2017 மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. அதே வருஷம் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. மழை வந்தால்தான் டெங்கு என்று நினைத்துவிடாதே. வெயில் காலத்தில் பீலித் தண்ணீர் மெலிந்ததும் லயத்து வாசலில் பீப்பாய்கள் வரிசை கட்டும். மூடி இல்லாத ஒரு பீப்பாய் போதும், நுளம்புக்கு வறட்சியும் வசதிதான். எலிக்காய்ச்சல் வேறு விதம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீர், வயலிலோ மாணிக்கக் குழியிலோ நிற்பவரின் காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உள்ளே போய்விடும். முன்னரே தடுக்க டொக்சிசைக்லின் மாத்திரை இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் கொடுக்கிறார்கள். எந்த வாரம் கொடுப்பது என்பதை மழைதான் சொல்ல வேண்டும்.

மண்சரிவுக்கு அப்படி ஒரு கணக்கு ஏற்கெனவே உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 என்றால் இடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவு. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததை நீ படித்திருப்பாய். ஆனால் வெளியேறச் சொல்வதோடு சுகாதாரத் துறையின் வேலை முடிந்துவிடாது. பிரசவத்துக்கு நாள் நெருங்கிய தாய் யார், இன்சுலின் போடுபவர் யார், பிரஷர் மாத்திரையையும் கிளினிக் கொப்பியையும் விட்டுவிட்டு ஓடக்கூடிய கிழவி யார் என்ற பட்டியல் குடும்பநல மாதுவின் கையில் மழைக்கு முன்பே இருக்க வேண்டும். பாதை மூடிய பிறகு பலாங்கொடை ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில் இருந்தாலும் மேல்மலைத் தோட்டத்துக்காரருக்கு அது எட்டாது.

எனக்குப் பெரிய கவலை வேறொன்று. டிஸ்பென்சரியில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு மறுநாள் பிரட்டில் வேலைக்கு நிற்கும் கொழுந்துக்காரியின் காய்ச்சல், சுகாதார வைத்திய அதிகாரியின் கணக்கில் ஏறுகிறதா? ஏறாவிட்டால் அந்த லயத்துக்குப் புகை அடிக்கவும் யாரும் வரமாட்டார்கள், மாத்திரையும் வராது. எச்சரிக்கை தமிழில் வராவிட்டாலும் அதே கதிதான். வெப்பமானியும் கணினியும் வாங்குவதற்கு முன்னால் இந்த ஓட்டையை அடைக்க வேண்டும் என்பேன்.

நீ இப்போதே தொடங்கலாம். தோட்டத்து ஆபிசில் தினமும் மழை அளந்து எழுதுகிறார்கள். அனுமதி கேட்டு 2017 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரையான பக்கங்களை வாரவாரியாகக் கூட்டி எடு. டிஸ்பென்சரியில் அதே வாரங்களில் எத்தனை காய்ச்சல் என்று கேள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, மழை ஏறி எத்தனை வாரத்தில் காய்ச்சல் ஏறியது என்று பார்த்து எனக்கு எழுது. ஒரு தோட்டத்துக் கணக்கை வைத்து முடிவு கட்டிவிடாதே. பக்கத்துத் தோட்டத்துச் சிநேகிதியையும் எழுதச் சொல்.

அன்புடன்,
மாமா